கள்ளும் கற்பூரவள்ளியும்: வடசென்னை வீட்டு ரொட்டியின் கதை

ராயபுரம் என்ற பெயருக்குள் ஓர் அப்போஸ்தலர் இருக்கிறார். தமிழ்க் கத்தோலிக்கர் இராயப்பர் என்று அழைக்கும் புனித பேதுருவின் பெயரே ஊருக்கு ஆகிவந்தது. அவர் பெயரிலான ஆலயத்தை 1829-ல் எழுப்பியவர்கள் இக்கரையின் படகோட்டிச் சமூகத்தார். துறைமுகம் தோன்றுவதற்கு முன், நங்கூரமிட்டு நின்ற கப்பல்களுக்கும் கரைக்கும் இடையே அலைகளைக் கடந்து மசூலாப் படகு செலுத்தியவர்கள் இவர்கள்தாம். சென்னைக்குக் கடல்வழி வந்த பொருள்களெல்லாம், கோதுமை மாவு உட்பட, இவர்களின் துடுப்பைத் தாண்டாமல் கரையேறியதில்லை.

மாவைச் சுமந்து வந்தவர்கள் வேதத்தில் கேட்ட சொல்லோ ரொட்டி அன்று. விவிலியத்தைத் தமிழாக்கியவர்கள் ஐரோப்பியரின் ரொட்டிக்கு ஈடாகத் தேர்ந்த சொல் 'அப்பம்'. அரிசியை ஊறவைத்து அரைத்துப் புளிக்கவைத்துக் கல்லில் ஊற்றும் பண்டத்தின் பெயரைக் கோதுமையை நொதிக்கவைத்துச் சூளையில் சுடும் பண்டத்துக்குச் சூட்டியது பிழை என்று சிலருக்குத் தோன்றலாம். நமக்கு அப்படித் தோன்றவில்லை. அப்பத்தைப் பொங்கவைத்தது எதுவோ, அதுவே பின்னாளில் சென்னை ரொட்டியையும் பொங்கவைத்தது. அதன் பெயர் கள்.

பூண்டும் மூலிகையும் சேர்த்த ரொட்டியை இன்று வீட்டில் செய்பவர்கள், அதைப் பீட்சாக் கடைகளின் வழியே வந்த புதுப்பண்டம் என்றே எண்ணுகிறார்கள். பெயரளவில் அது மெய்தான். ஆனால் ஒரு ரொட்டிக்கு வேண்டியவை மாவு, புளிப்பு, அடுப்பு, மணம் என்னும் நான்கு. இவற்றுள் புளிப்பும் மணமும் ராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான இக்கரையில் முன்பே இருந்தன. மாவும் அடுப்பும் கடல்வழி வந்தன. வந்தவை வீட்டுக்குள் நுழைய ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அதற்குள், இருந்தவற்றில் ஒன்று நம் கையைவிட்டுப் போய்விட்டது.

போனது புளிப்பு. அதிலிருந்தே தொடங்குவோம்.

பனையின் பாளையைச் சீவி, கலயம் கட்டி இறக்கும் சாறு சில மணி நேரத்தில் தானே நுரைக்கத் தொடங்கும். காற்றிலும் பாளையிலும் பழைய கலயத்திலும் வாழும் நொதிகள் அதன் சர்க்கரையைத் தின்று கரிவாயுவை வெளிவிடுகின்றன. இந்நொதிகளுள் முதன்மையானது சாக்கரோமைசீஸ் செரிவிசியே. இன்று பொட்டலத்தில் அடைத்து விற்கப்படும் ஈஸ்ட்டும் இதே இனந்தான். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் நொதிப்பு தடைப்பட்டுச் சாறு பதநீராக நிற்கும், தடவாவிடில் கள்ளாகும். திருவொற்றியூருக்கு வடக்கே பழவேற்காடு வரை நீளும் மணற்பாங்கான நிலம் பனைக்கு உகந்தது. ஆக, ரொட்டிக்கு வேண்டிய உயிர்ப்பொருள் இப்பகுதியில் மரத்தின் உச்சியில் நாள்தோறும் ஊறிக்கொண்டிருந்தது.

வெள்ளையர் காலத்துச் சென்னையில் ரொட்டி சுட்டவர்கள் இக்கள்ளையே மாவில் ஊற்றிப் பிசைந்தார்கள். பியர் நுரையை ரொட்டிக்குப் பயன்படுத்தும் ஐரோப்பியப் பழக்கத்துக்கு இங்கே கிடைத்த மாற்று இது. கோவாவின் ரொட்டிக்காரர்களும் தென்னங்கள்ளைக்கொண்டு இதையே செய்தார்கள். யாழ்ப்பாணத்தில் அப்பத்துக்குக் கள் விட்டுப் புளிக்கவைப்பது இன்றும் வழக்கில் உள்ளது. கள்ளின் வீரியம் நாளுக்கு நாள் மாறும். வெயில் ஏறிய பொழுதில் வாங்கியது கடுத்திருக்கும். அளவு மிஞ்சினால் ரொட்டியில் புளிப்பு தூக்கலாகும். அதைத் துரைமார் சகிக்கவில்லை.

சகிக்காதவர்களில் ஒருவர் கர்னல் ஆர்தர் கென்னி-ஹெர்பர்ட். சென்னைப் படையில் பணிபுரிந்தவர். 'வைவர்ன்' என்ற புனைபெயரில் சமையல் பற்றிச் சென்னைப் பத்திரிகையில் எழுதியவர். அக்கட்டுரைகள் 1878-ல் ஹிக்கின்பாதம்ஸ் வெளியீடாக நூலுருப் பெற்றன. சென்னைச் சமையலறையை இவ்வளவு நுணுகி நோக்கிய நூல் அக்காலத்தில் வேறொன்று உண்டா என்பது ஐயமே. சமையற்காரர்களைப் பற்றிய அவருடைய எள்ளலைப் படிக்கையில் எரிச்சல் வருகிறது, ஆனாலும் படித்து முடிக்காமல் இருக்க முடிவதில்லை. கடை ரொட்டியை நம்பியிராமல் பேக்கிங் பவுடரைக்கொண்டு வீட்டிலேயே ரொட்டி சுடுங்கள் என்று அவர் வற்புறுத்தினார். அந்தப் பவுடருக்கே ஒரு வீட்டுக்கதை உண்டு. 1843-ல் இங்கிலாந்தின் ஆல்ஃபிரட் பேர்ட், ஈஸ்ட் ஒவ்வாத தன் மனைவிக்காக ஈஸ்ட் இல்லாமல் மாவைப் பொங்கவைக்கும் வழி தேடியபோது பிறந்தது அது. ஒரு பெண்ணின் ஒவ்வாமை, கடல் தாண்டி வந்து இங்கே கள்ளுக்குப் போட்டியாயிற்று.

ஆயினும் கள்ளை வீழ்த்தியது பவுடரன்று, சட்டம். 1937-ல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948-க்குள் மாகாணம் முழுவதும் பரவியது. 1971-ல் தளர்ந்தது, 1974-க்குள் மீண்டும் இறுகியது, 1981-ல் மறுபடி தளர்ந்தது. 1987 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்குவதற்கே தடை. இத்தடையை ஆதரித்தும் எதிர்த்தும் பேசப்படுவனவற்றில் பனைத்தொழிலாளியின் பிழைப்பும், குடியால் அழிந்த குடும்பங்களும், சீமைச் சாராயத்தை அரசே விற்கும் முரணும் இடம்பெறுகின்றன. மூன்றும் பேசத்தக்கவையே. அடுக்களைக்கு நேர்ந்ததை மட்டும் எவரும் பேசுவதில்லை. நொதிக்கவைக்கும் பொருள் ஒன்று ஒரே தலைமுறையில் வீட்டுப் புழக்கத்திலிருந்து நீங்கிற்று. அதன் இடத்துக்கு வந்த சோடியம் பைகார்பனேட்டுக்கு நம் மளிகைக் கடைகளில் வழங்கும் பெயர் என்ன? ஆப்ப சோடா. எதற்கு மாற்றாக வந்ததோ, அதன் நினைவைப் பெயரிலேயே வைத்திருக்கிறது அந்த வெள்ளைத் தூள். மொழி சில வேளைகளில் ஆவணக் காப்பகத்தைவிட நேர்மையானது.

மாவின் வரலாறு இதற்கு நேர்மாறானது. அது வெளியிலிருந்து வந்து, நெடுங்காலம் வாசலிலேயே நின்றது.

இன்றைய ஸ்டான்லி மருத்துவமனையை இப்பகுதியின் முதியோர் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றே சொல்லிவந்தார்கள். 1782-ல் பஞ்சம் வாட்டியபோது மணியக்காரர் சத்திரத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி வார்க்கப்பட்டது. அதை ஒட்டி 1799-ல் மருத்துவமனை உருவாயிற்று. பசித்தவனுக்கும் நோயாளிக்கும் இவ்விடத்தில் முதலில் கிடைத்தது கஞ்சி. பின்னாளில் அரசு மருத்துவமனைகளின் உணவுப் பட்டியலில் பாலும் ரொட்டியும் ஏறின. தமிழர் மனத்தில் ரொட்டி நோயாளியின் உணவாகப் பதிந்தது இவ்வகையில்தான் என்பது நம் கருத்து. காய்ச்சல் கண்டால் ரொட்டியைப் பாலில் தோய்த்துத் தருவார்கள். மருத்துவமனைக்கு நலம் விசாரிக்கப் போகிறவர் கையில் ஒரு ரொட்டிப் பொட்டலமும் நான்கு சாத்துக்குடியும் இருக்கும். நலமாக இருப்பவன் ரொட்டி தின்றால், உடம்புக்கு என்ன என்று கேட்பார்கள். அப்படிப்பட்ட ஒன்றை வீட்டில் செய்ய எவருக்குத் தோன்றும்?

மருந்தாகப் பார்க்கப்பட்ட கோதுமை, இன்னொரு பக்கம் தண்டனையாகவும் பார்க்கப்பட்டது. 1956-ல் அமெரிக்காவுடன் ஏற்பட்ட பி.எல்.480 உடன்படிக்கையின்படி கோதுமைக் கப்பல்கள் இந்தியத் துறைமுகங்களுக்கு வரத் தொடங்கின. பருவமழை பொய்த்ததை அடுத்த 1966-ஆம் ஆண்டில் மட்டும் நாட்டுக்குள் இறக்குமதியான தானியம் ஏறத்தாழ 1 கோடி டன். சென்னைத் துறைமுகத்திலும் கோதுமை இறங்கிற்று. ஆனால் இந்நகரம் கேட்டது அரிசியை. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி எத்தகைய வலிமை பெற்றது என்பதை நாடறியும். ஆட்சி மாறியபின் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி வழங்கப்பட்டது. அரிசி கிடைக்காத குறைக்கு நீட்டப்பட்ட பொருளாகவே கோதுமையை மக்கள் கண்டார்கள். அந்த நினைவு ஆற ஒரு தலைமுறை பிடித்தது.

நடுவண் அரசு 1965-ல் மாடர்ன் பேக்கரீஸ் நிறுவனத்தைத் தொடங்கி, சென்னை உள்ளிட்ட நகரங்களில் ஆலைகளை அமைத்தது. மெழுகுத்தாளில் சுற்றி, துண்டு போட்டு, வைட்டமின் சேர்த்து வந்தது அந்த ரொட்டி. 2000-ஆம் ஆண்டு சனவரியில் இந்துஸ்தான் லீவருக்கு விற்கப்பட்டபோது, தனியாருக்குக் கைமாறிய முதல் பெரிய பொதுத்துறை நிறுவனம் என்று அது செய்திகளில் அடிபட்டது. ரொட்டியை நோயாளியின் கையிலிருந்து பள்ளிப்பிள்ளையின் டிபன் பெட்டிக்கு மாற்றியதில் அவ்வாலைகளுக்குப் பங்குண்டு. அதோடு, ரொட்டி என்றால் ஆலையில் செய்யப்பட்டு வருவது என்ற எண்ணத்தை உறுதிப்படுத்தியதும் அவையே.

வீடுகளில் அடுப்பு இல்லையே என்பதுதான் அடிப்படைக் காரணம். நம் சமையல் ஆவியிலும் கல்லிலும் எண்ணெயிலும் நடப்பது. நாலாபுறமும் சூடேறிய மூடிய வெளியில் ஒரு பண்டத்தை வைத்துச் சுடும் வழக்கம் நமக்கு இல்லை. ஈழத்தமிழர் ரொட்டியைப் பாண் என்றும், அதைச் சுடும் சூளையைப் போறணை என்றும் சொல்கிறார்கள். இரண்டும் போர்த்துக்கீசியச் சொற்களின் வழிவந்தவை. பண்டம் வந்தபோதே அடுப்பும் அதன் பெயரும் சேர்ந்து வந்தன என்பதற்கு இது சான்று. இட்லி மாவு புளிக்கும் நுணுக்கத்தை இரவின் குளிர்ச்சியைக்கொண்டே கணிக்கத் தெரிந்த பெண்கள், ரொட்டி செய்யாமல் இருந்தது கைத்திறன் குறைவால் அன்று.

வடசென்னையில் இதற்கு விலக்காக இருந்தவர்கள் ஆங்கிலோ-இந்தியர்கள். 1856-ல் ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் ரயில் வாலாஜா சாலைக்குப் புறப்பட்டது. ரயில்வேயும் துறைமுகமும் சுங்கமும் வேலை தந்த அக்குடும்பங்கள் ராயபுரத்திலும் பெரம்பூரிலும் குடியேறின. கனத்த பாத்திரத்தில் மாவை வைத்து, அடியில் தணலும் தட்டுமூடியின் மேல் தணலுமாக நெருப்பை இரண்டாகப் பிரித்துச் சுடும் முறை அவர்கள் அடுக்களையில் இருந்தது. பிரியாணிக்குத் தம் போடுகிறவர்களுக்கு இது புதிதல்ல. கிறிஸ்துமஸ் வந்துவிட்டால் வீட்டில் கலக்கிய கேக் மாவைத் தகரத் தட்டில் ஊற்றி, தெருமுனை பேக்கரியில் கொடுத்துச் சுட்டு வாங்கும் வழக்கமும் நிலவியது. விறகு எரித்துச் சூடேற்றிய சூளை, ரொட்டிகளைச் சுட்டு முடித்தபின்னும் பல மணி நேரம் வெப்பம் விடாது. அந்த மிச்சச் சூட்டைத் தெரு பகிர்ந்துகொண்டது. ஆங்கிலோ-இந்தியரில் பலர் பிற்காலத்தில் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் குடிபெயர்ந்தனர்.

வட்ட வடிவில், மூடியில் கண்ணாடிச் சாளரம் வைத்த அலுமினிய மின்னடுப்பு 1980-களில் நடுத்தர வீடுகளுக்கு வந்தது. இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமல் நகர முடியவில்லை. எண்ணூர் அனல் மின் நிலையம் 1970-ல் மின்னாக்கம் தொடங்கி 2017-ல் மூடப்படும் வரை நகரத்துக்கு மின்சாரம் அனுப்பியது. அதற்கு வடக்கே கொசஸ்தலை ஆற்றுக்கு அப்பால் இன்னும் பெரிய மின் நிலையங்கள் எழுந்தன. அவற்றின் சாம்பற்குழம்பு குழாய்களிலிருந்து கசிந்து கழிமுகத்தில் படிந்தது. இறாலும் மீனும் தந்த நீர்நிலை மேடிட்டுப்போனது. நகரத்தின் மின்னடுப்புகளைச் சூடாக்கிய கரியின் சாம்பல் எண்ணூர்க் குப்பங்களின் கூரையில் விழுந்தது. அந்தக் குப்பங்களில் எத்தனை வீட்டில் மின்னடுப்பு இருந்திருக்கும் என்பதை வாசகர்களே ஊகிக்கலாம்.

இனி மணத்துக்கு வருவோம். இங்கேதான் இக்கரையின் செல்வம் இருக்கிறது.

பூண்டு கடற்கரைப் பயிரன்று. கொடைக்கானல் மலையின் பூம்பாறை, மன்னவனூர்ப் பகுதிகளில் விளையும் மலைப்பூண்டு 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது. காரமும் மணமும் மிக்கது. மீன்குழம்பில் தோலோடு தட்டிப் போடும் பூண்டையும், பிள்ளை பெற்றவளுக்கு வேகவைத்துத் தரும் பூண்டையும் வடசென்னை நன்கறியும். எனினும் பூண்டை எண்ணெயில் பொன்னிறமாக வறுத்து, அந்த எண்ணெயையே ஒரு சுவைப்பொருளாகத் தனியே எடுத்துவைக்கும் பழக்கம் இங்கே பர்மாவிலிருந்து வந்தது. 1960-களில் நே வின் அரசு வணிகத்தைத் தேசியமயமாக்கியபின், தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் பெருந்திரளாகக் கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கினார்கள். வியாசர்பாடியிலும் எர்ணாவூரிலும் அவர்களின் குடியிருப்புகள் எழுந்தன. கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜார் உருவாயிற்று. அவர்கள் விற்ற அத்தோவில் வறுத்த பூண்டும் பூண்டெண்ணெயும் இல்லாவிட்டால் அது வெறும் நூடுல்ஸ். உடைமைகளை இழந்து வந்தவர்கள் மறக்காமல் கொண்டுவந்தது இந்தக் கைப்பக்குவம்.

ரொட்டிக்கு இப்பக்குவம் ஏன் முக்கியம் என்பதற்குக் காரணம் உண்டு. பச்சைப் பூண்டை நசுக்கியதும் அதிலுள்ள நொதி செயல்பட்டு அல்லிசின் என்னும் கார்ப்புப் பொருள் உண்டாகிறது. நுண்ணுயிர்களை ஒடுக்கும் அது ஈஸ்ட்டையும் ஒடுக்கும். பச்சைப் பூண்டை மாவோடு பிசைந்தால் மாவு சோம்பி நிற்பது இதனால்தான். முழுப்பல்லாக மெல்லிய சூட்டில் எண்ணெயில் வேகவைத்தால் அந்நொதி செயலற்றுப் பூண்டு இனிக்கும். ரொட்டியும் தடையின்றிப் பொங்கும்.

மூலிகை விஷயத்தில் நாம் கொஞ்சம் ஏமாந்துவிட்டோம் என்றே சொல்ல வேண்டும். பன்னாட்டுப் பீட்சாக் கடைகள் 1996-ல் இந்தியாவுக்கு வந்து, சில ஆண்டுகளில் சென்னைக்கும் பரவின. பூண்டு ரொட்டி என்பதும் ஆரிகனோ என்ற உலர்ந்த இலைத்தூளும் அவற்றின் வழியே நடுத்தர வீடுகளுக்கு அறிமுகமாயின. அந்தச் சிறு பொட்டலங்களைச் சேர்த்துவைத்த வீடுகள் ஏராளம். அதே வீட்டு மாடியில், பழைய பெயின்ட் டப்பாவில், சளிக்கென்று ஒரு கற்பூரவள்ளிச் செடி இருந்திருக்கும். ஓமவல்லி என்றும் சொல்வார்கள். கற்பூரவள்ளியும் ஆரிகனோவும் துளசியும் தாவரவியலில் ஒரே குடும்பம். ஆரிகனோவுக்கு மணம் தரும் கார்வக்ராலும் தைமாலும் கற்பூரவள்ளி இலையிலும் உண்டு. வெளிநாடுகளில் அதற்குக் கியூபா ஆரிகனோ என்றே ஒரு பெயர் வழங்குகிறது. ஓமத்தின் மணமும் தைமாலால் ஆனதே. மருந்துச் செடி என்று ஒதுக்கி வைத்ததால் அதை உணவாக நாம் நினைக்கவில்லை. பஜ்ஜி போட்ட வீடுகள் மட்டும் விதிவிலக்கு. நோயாளியின் ரொட்டியும் நோயாளியின் இலையும் ஒரே பண்டத்தில் சந்திக்க இத்தனை காலம் ஆயிற்று.

சந்திக்கும் இடமோ மின்னடுப்பன்று, குக்கர். எரிவாயு அடுப்பும் பிரஷர் குக்கரும் ஏறத்தாழ எல்லா வீடுகளுக்கும் வந்துவிட்ட இந்த இருபது ஆண்டுகளில், உப்பையோ மணலையோ அடியில் பரப்பிக் குக்கரையே சூளையாக்கும் முறை பரவியது. 2020-ன் ஊரடங்கில் பேக்கரிகள் மூடிக்கிடந்தபோது இது பலருக்குக் கைவந்தது. நாம் செய்துபார்த்து நிலைநிறுத்திய அளவைத் தருகிறோம்.

பன்னிரண்டு பல் பூண்டை உரித்து, மூழ்கும் அளவு எண்ணெயில் சிறுதீயில் இளம்பொன் நிறம் வரும்வரை வேகவிடுங்கள். கருகினால் கசக்கும், அதைக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குவதே மேல். 250 கிராம் மைதாவில் ஒரு தேக்கரண்டி உலர் ஈஸ்ட், ஒரு தேக்கரண்டி சர்க்கரை, முக்கால் தேக்கரண்டி உப்பு கலந்து, 160 மில்லி வெதுவெதுப்பான நீர் விட்டுப் பத்து நிமிடம் பிசையுங்கள். ஆறிய பூண்டெண்ணெயில் இரண்டு மேசைக்கரண்டி விட்டு மேலும் பிசைந்தால் மாவு கையில் ஒட்டாது. மூடிவையுங்கள். நம் ஊர் வெயிலில் ஒரு மணி நேரத்தில் இருமடங்காகிவிடும்; மார்கழியில் இன்னும் அரைமணி கூடும். இட்லி மாவுக்குப் பழகிய கண் இதைத் தானே கண்டுகொள்ளும்.

பொங்கிய மாவை அமுக்கி, வெந்த பூண்டை மசித்துப் பரப்பி, ஐந்தாறு கற்பூரவள்ளி இலைகளைப் பொடியாக நறுக்கித் தூவிச் சுருட்டி, எண்ணெய் தடவிய வட்டத்தட்டில் வைத்து மறுபடி அரைமணி நேரம் விடுங்கள். இலை தடிப்பானது, நீர் விடுவது. துணியில் ஒற்றி எடுத்தபின் நறுக்க வேண்டும். கனத்த குக்கரில் ஒரு விரற்கடை உயரம் கல்லுப்பைப் பரப்பி, வளையத்தையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, மூடிப் பத்து நிமிடம் சூடேற்றுங்கள். நீர் விடக்கூடாது. உள்ளே ஒரு தாங்கி வைத்து, அதன்மேல் தட்டை இறக்கி, நடுத்தரத்துக்குக் குறைந்த தீயில் முப்பத்தைந்து நிமிடம் விட்டால் வெந்துவிடும். ஒரு குச்சியைக் குத்தி எடுத்தால் மாவு ஒட்டக்கூடாது.

மேற்புறம் மட்டும் வெளுத்திருக்கும், குக்கரில் மேல்தணல் இல்லாததால். மீந்த பூண்டெண்ணெயை மேலே தடவி, சூடேறிய தோசைக்கல்லில் ஒரு நிமிடம் கவிழ்த்து வைத்தால் சிவந்துவிடும்.